ஜமீன்தாருக்கு ஒரு சொம்பு அழுக்குத் தண்ணீர்

அந்த ஹெல்மெட்டைக் கொஞ்சம் மல்லாத்தி மடியில் வைத்துக்கொள்ளுங்கள் சார். ஆமாம், கிண்ணம் மாதிரி. இந்தப் பையை அதற்குள் உட்கார வைத்துவிட்டால் வடபழனி வரைக்கும் ஆடாமல் அசையாமல் வரும். என் கை நடுங்குகிறது பாருங்கள். வயசால் இல்லை, கோபத்தால். பைக்கை சர்வீசுக்கு விட்டிருக்கிறீர்களா? அதானே பார்த்தேன், ஹெல்மெட்டோடு பஸ்ஸில் ஏறுகிறாரே இந்த மனுஷர் என்று. உங்கள் பைக் மக்கர் பண்ணியது எனக்கு நல்லதாகப் போயிற்று.

பயப்படாதீர்கள், ஒழுகாது. கொளத்தூர் மீன் கடைக்காரர்கள் ரப்பர் பேண்டு போட்டால் எமனே வந்தாலும் அவிழ்க்க முடியாது. உள்ளே இருப்பது ஆஸ்கார் மீன். நாலு அங்குலம். முகத்தைப் பாருங்கள், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பின பிள்ளை மாதிரி இல்லை? நம்பாதீர்கள். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. நான்தான் கேட்டு வாங்கினேன். "இருக்கிறதிலேயே ரொம்பப் பசியோட இருக்கிறது எது?" என்று கேட்டேன். கடைக்கார அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எல்லாரும் அழகான மீனைக் கேட்பார்கள், இந்தக் கிழவன் பசியான மீனைக் கேட்கிறானே என்று.

எதற்கா? பழி வாங்கத்தான்.

சிரிக்காதீர்கள் சார். முழுக்கக் கேட்டால் நீங்களே இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு என்கூட இறங்கிவிடுவீர்கள்.

முதலில் ஜமீன்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜமீன்தார் என் மீன். பிளவர்ஹார்ன். மண்டையில் ஒரு புடைப்போடு இருக்குமே, வாஸ்து மீன் என்று சொல்லி விற்பார்களே, அது. எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்கு எதிரே மூன்றடித் தொட்டியில் நாலு வருஷமாக இருக்கிறான். தனியாகத்தான். அந்த வகை மீனுக்குக் கூட்டாளி ஆகாது, போட்டால் கடித்துக் குதறிவிடும். ஆனால் மனுஷர்களை அடையாளம் தெரியும். நான் நாற்காலியிலிருந்து எழுந்தால் அவன் தொட்டியின் அடியிலிருந்து எழுவான். நான் சமையலறைப் பக்கம் போனால் அந்த ஓரம் வரைக்கும் கூடவே வந்து கண்ணாடியில் மூக்கை வைத்துக் காத்திருப்பான். அந்த மண்டைப் புடைப்பு எலுமிச்சம்பழம் அளவு இருக்கும் சார்.

நான் ரயில்வே பார்சல் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தேன். வேதகிரி வருகிறார் என்றால் பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள். ரிட்டயர் ஆன மறுநாளிலிருந்து என்னைக் கண்டு எழுந்தவன் ஜமீன்தார் ஒருவன்தான். அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் சாதாரண மீன் இல்லை. கேஸ் சிலிண்டர் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே வாலை அடித்துச் சொல்லிவிடுவான். சாயங்கால சீரியலில் அந்த மாமியார் வந்தாளென்றால் கண்ணாடியில் மடேர் மடேரென்று முட்டுவான். மண்டைப் புடைப்பே அப்படி வந்ததுதான். என் மச்சினன் ஒருநாள் வந்து, "இதைக் குழம்பு வைக்கலாமா?" என்று கேட்டான். ஜமீன்தார் வாயில் தண்ணீரை மொண்டு மூடியின் இடுக்கு வழியாக அவன் மூக்குக் கண்ணாடியில் பீய்ச்சினான் பாருங்கள், மூன்றடி தூரம். மூன்றென்ன, ஐந்தடி இருக்கும். மச்சினன் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சைவம்தான்.

அவனை நான் எப்படி வைத்திருந்தேன் தெரியுமா? மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை முழுக்குளியல். பழைய தண்ணீர் ஒரு சொட்டு விடாமல் வெளியே. கூழாங்கல் அத்தனையும் பக்கெட்டில் போட்டு ப்ளீச்சிங் பவுடரில் அலசல். தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற ஃபில்டருக்குள் ஒரு ஸ்பாஞ்சு இருக்கும் சார், கறுகறுவென்று ஆகிவிடும், அதைக் குழாயடியில் வைத்து இட்லி மாதிரி வெள்ளையாகிற வரைக்கும் பிழிவேன். பிறகு புதுத் தண்ணீர். தொட்டி நகைக்கடை மாதிரி மின்னும். என் அம்மா என்னை அப்படிக் குளிப்பாட்டியதில்லை.

குளியலுக்குப் பிறகு பத்து நாள் அவன் மூலையில் உட்கார்ந்துவிடுவான். நிறம் வெளுத்து, துடுப்பை மடக்கிக்கொண்டு, சாப்பாடும் வேண்டாமென்று. விரதம் சார். பெரிய இடத்துப் பிறவிகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. நானும் தொந்தரவு பண்ண மாட்டேன்.

இப்படி நாங்கள் பாட்டுக்கு இருந்தோம். போன வருஷம் எதிர் வீட்டுக்கு வந்து சேர்ந்தான் தயாளன்.

அவன் ஏதோ பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். ஒண்டி ஆள். பெண்டாட்டி போய் ஆறு வருஷம் ஆகிறதாம். மெதுவாகத்தான் பேசுவான், மெதுவாகத்தான் நடப்பான். இந்த மாதிரி ஆட்களை நம்பவே கூடாது சார். சாமான் இறக்கும்போது பார்க்கிறேன், ஆறு பேர் சேர்ந்து ஒரு கண்ணாடித் தொட்டியைப் படியில் ஏற்றுகிறார்கள். நாலடி. ஒரே வாரத்தில் உள்ளே காடு மாதிரி செடி வைத்து, நகக்கண் அளவில் நாற்பது நியான் டெட்ரா மீன் விட்டிருக்கிறான். நீலமும் சிவப்புமாக, யாரோ ஒரு பிடி மினுமினுப்பை அள்ளிப் போட்ட மாதிரி. நான் போய்ப் பார்த்தேன். தண்ணீர் லேசாக மஞ்சள். அடியில் அழுக்கு. "கழுவ மாட்டீங்களா?" என்று கேட்டேன். "முழுசா கழுவக் கூடாது சார், கால் பங்கு மாத்தினா போதும்" என்றான். சோம்பேறி என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

மாசியில் ஓசூரில் பேத்திக்குக் காது குத்து. பன்னிரண்டு நாள். வேறு வழியில்லாமல் சாவியை அவனிடம் கொடுத்தேன். எதையெல்லாம் எப்போது செய்ய வேண்டும் என்று முழு வெள்ளைத்தாளில் இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தேன். வேளைக்குப் பதினாலு தீனி உருண்டை. சீரியல் போட வேண்டும். மாமியார் வரும்போது சத்தத்தைக் குறைக்க வேண்டும். நடுவில் முதல் ஞாயிறு வருகிறது, முழுக்குளியல். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

திரும்பி வந்து கதவைத் திறக்கிறேன். சார், அவன் தொட்டியைக் கழுவவே இல்லை! மஞ்சள் தண்ணீர்! ஆனால் உள்ளே ஜமீன்தார், என்ன சொல்வேன், குங்குமத்தைக் கொட்டின மாதிரி சிவந்து போய், மண்டை சாத்துக்குடி அளவு வீங்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ராஜநடை போடுகிறான். என் மனைவி வசுமதி பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஏங்க, இது நம்ம மீன்தானா?" என்கிறாள்.

எனக்கு எப்படி இருக்கும்? நாலு வருஷம் வளர்த்தவன் நான். பயணக் களைப்பைக்கூடப் பார்க்காமல் அன்றைக்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியைக் கழுவினேன். மாதக் கழுவலைப் போல இரண்டு மடங்கு. ஸ்பாஞ்சை மூன்று முறை பிழிந்தேன். தயாளன் கையின் வாசனையே இருக்கக் கூடாது என்று.

மறுநாள் காலையில் ஜமீன்தார் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறான். கூப்பிட்டேன். கண்ணாடியைத் தட்டினேன். சீரியல் போட்டேன். மாமியார் வந்தாள், போனாள். அசையவில்லை. அப்போது தயாளன் உள்ளே வருகிறான். கையில் ஒரு சொம்பு. "சாவி கொடுக்கலாம்னு வந்தேன்" என்றான். எழுந்து காப்பிக்குச் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன், அந்தச் சொம்பிலிருந்து எதையோ என் தொட்டிக்குள் ஊற்றுகிறான். அவன் தொட்டி அழுக்குத் தண்ணீர் சார்! ஏதோ ஒரு கறுப்பு ஸ்பாஞ்சையும் அதில் பிழிந்து கொண்டுவந்திருக்கிறான். "என்னய்யா பண்றே?" என்று கத்தினேன். "ஒண்ணுமில்லை சார், கொஞ்சம் பழகின தண்ணி" என்று முனகினான். அடுத்த வாரம் அவன் வந்து நின்றதும் ஜமீன்தார் எழுந்து கண்ணாடிக்கு வந்து வாலை ஆட்டுகிறான். எனக்கில்லை. அவனுக்கு.

இதற்கு என்ன பெயர் சார்? உங்கள் வீட்டுப் பிள்ளையை எதிர் வீட்டுக்காரன் மிட்டாய் கொடுத்து இழுத்தால் சும்மா இருப்பீர்களா?

அப்புறம் ஓயாமல் இந்தக் கூத்துதான். நான் கழுவுவேன். ஜமீன்தார் விரதத்தில் உட்காருவான். தயாளன் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வருவான், பேப்பர் வேண்டும், ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். கையில் எப்போதும் சொம்பு. ஸ்க்ரூ டிரைவர் கேட்க வருகிறவனுக்குச் சொம்பு எதற்கு? ரெண்டு நாளில் ஜமீன்தார் எழுந்து ஆடுவான். வாட்ச்மேன் என்னிடமே கேட்கிறான், "இன்னா சார், தயாளன் சார் மீனு நல்லாக்குதா?" வசுமதி எனக்கென்று வைத்திருக்கிற பித்தளை டபராவில் அவனுக்குக் காப்பி கொடுக்கிறாள். நான் எவர்சில்வரில் குடிக்கிறேன்.

அன்றைக்குத்தான் பழி வாங்குவது என்று தீர்மானித்தேன்.

முதல் அடி, நத்தை. மீன் வளர்க்கிறவர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு சார். ஒருத்தர் செடி கொடுத்தால் இன்னொருத்தர் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. கடையில் தேடித் தேடி, இலைக்கு அடியில் நத்தை முட்டை பசை மாதிரி ஒட்டியிருக்கிற செடியாகப் பொறுக்கி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தேன். கண் கலங்கிவிட்டான். "எனக்கு யாரும் இப்படிச் செடி கொடுத்ததில்லை சார்." நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஒரு நத்தை போதும், ஒரு மாதத்தில் ஊராகிவிடும். ஆயிற்று. கண்ணாடி முழுக்க நத்தை. நான் தினம் போய்ப் பார்த்துவிட்டு, "அடடா, பாவமே" என்று சொல்லிவிட்டு வருவேன். அந்த ஒரு மாதம் எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

ஒருநாள் சொம்புக்குப் பதிலாகக் கிண்ணத்தோடு வந்து நிற்கிறான். நசுக்கின நத்தை. "இந்த மீனுக்கு நத்தைன்னா உயிர் சார். உங்க செடியால வந்தது, உங்க மீனுக்கே." ஜமீன்தார் தின்றான் பாருங்கள்! அவன் கை விரலைக்கூட நக்கினான். மண்டை தேங்காய் அளவு ஆகிவிட்டது. என் செலவில், என் சூழ்ச்சியில், என் மீனுக்கு அவன் விருந்து வைக்கிறான். இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்வேன்?

பஸ் நின்றுவிட்டதா? பாடி மேம்பாலத்தில் எப்போதும் இப்படித்தான். நமக்கென்ன, நீங்கள் கேளுங்கள். பையை வெயில் படாமல் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள். முறைக்கிறானா உங்களை? பசி.

இரண்டாவது அடி, சட்டை. யோசித்துப் பார்த்தேன். மீனுக்கு முகம் எங்கே தெரியப்போகிறது? அந்த ஆளுக்கு நல்ல சட்டை என்று இருப்பதே ஒரு பச்சைக் கட்டம் போட்டதுதான். வாரத்தில் நாலு நாள் அதில்தான் வருவான். ஜமீன்தார் சட்டையைப் பார்த்துத்தான் மயங்குகிறான் என்று எனக்குப் பட்டது. மொட்டை மாடிக் கொடியில் அது காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துவிட்டேன். திருட்டு இல்லை சார், கொஞ்ச நாள் என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான். இதோ நான் போட்டிருக்கிறேனே, இதுதான்.

அதைப் போட்டுக்கொண்டு தொட்டி முன்னால் குனிந்து நின்றேன். ஜமீன்தார் ஒரு கண்ணால் பார்த்தான். லேசாக ஒரு துடுப்பு அசைந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "வாடா ராஜா" என்கிறேன். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து வசுமதி குரல்.

"வாங்க தயாளன் அண்ணா. அவர் கடைக்குப் போயிருக்கார் போல. முந்தாநாள்தான் மறுபடியும் கழுவித் தொலைச்சார். அது படுத்த படுக்கையா இருக்கு. அவர் வர்றதுக்குள்ள அந்தத் தண்ணியைச் சீக்கிரம் ஊத்திடுங்க. நாலு மாசமா நீங்க இல்லேன்னா இது எப்பவோ போயிருக்கும்."

நான் திரும்பவில்லை. எப்படித் திரும்புவது? தொட்டியைப் பார்த்தபடியே "ம்" என்றேன். அவள் உள்ளே போய் பித்தளை டபராவில் காப்பி கொண்டுவந்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனாள். நல்ல காப்பி சார். ரொம்ப நாளைக்கப்புறம் சர்க்கரை சரியாக இருந்தது.

ஆக, கூட்டுச் சதி! நாற்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தினவள், எனக்குத் தெரியாமல் எதிர் வீட்டுக்காரனைக் கூட்டிவந்து என் தொட்டியில் அழுக்கு ஊற்றுகிறாள். அதற்கப்புறம் எனக்கு மனசு ஆறவே இல்லை. அவன் என்னிடமிருந்து எதை எடுத்தானோ அதை அவனிடமிருந்து எடுக்க வேண்டும். அவனுக்கென்று என்ன இருக்கிறது? அந்த நாற்பது மினுமினுப்புதான். பேரெல்லாம் வைத்திருக்கிறான் சார். அத்தனையும் ஒரே மாதிரி இருக்கிறது, எது எதுவென்று எப்படித் தெரியுமோ. ஒன்று அவன் பெண்டாட்டி பேர்.

சமயத்துக்குக் காத்திருந்தேன். நேற்று அதுவே வந்து கதவைத் தட்டியது. காஞ்சிபுரத்தில் அவன் தங்கை மகளுக்கு வளைகாப்பு, மூன்று நாள் ஆகும். சாவியை நீட்டுகிறான். "ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை போதும் சார். உங்களை விட்டா எனக்கு யார் இருக்கா?" தாளில் எதுவும் எழுதித் தரவில்லை. உங்களுக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சாவி இதோ, இந்தப் பையில். அவன் சட்டைப் பையிலேயே அவன் சாவி. எப்படி?

இன்று காலை முதல் வேலையாக ஜமீன்தாருக்கு முழுக்குளியல். தடுக்க ஆள் இல்லை. வசுமதி, "இன்னிக்கு வேண்டாங்க, அவர் ஊர்ல இல்லை" என்று குறுக்கே நின்று பார்த்தாள். அவர் இல்லாததால்தானடி இன்றைக்கு என்றேன். ப்ளீச்சிங் பவுடர் இரண்டு கை கூடவே போட்டேன். தயாளன் ஊற்றி வைத்த அழுக்கையெல்லாம் ஒரே நாளில் எடுத்தேன். பிறகு கொளத்தூருக்கு பஸ் ஏறினேன்.

திட்டம் எளிது. சாயங்காலம் இந்தச் சட்டையோடு போய்க் கதவைத் திறக்கிறேன். பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தயாளன்தான் வந்துவிட்டான் போலிருக்கும். ஆஸ்காரைத் தொட்டிக்குள் விடுகிறேன். வீட்டுக்குப் போய் டிபன் சாப்பிடுகிறேன். மூன்று நாள் கழித்து அவன் வந்து பார்த்தால் நாற்பதுக்குப் பதில் ஒன்று. கொழுத்த ஒன்று. "என்ன ஆச்சு சார்?" என்பான். "ஒரு சிட்டிகை போதும்னு சொன்னீங்களே, பத்தலை போலிருக்கு" என்பேன். இந்த வசனத்தை நான் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் லேசாகத் தலையை ஆட்ட வேண்டும், இப்படி.

என்ன சார், முகம் ஒரு மாதிரி போகிறது? நீங்களும் அந்தக் கடைக்கார அம்மா மாதிரிதான் பார்க்கிறீர்கள்.

பல்கீஸ் என்று பேர். முப்பது வருஷமாக மீன் வியாபாரம். பையைக் கட்டும்போது, "எத்தோட சேர்த்து வுடப்போற ஐயா?" என்று கேட்டாள். நாற்பது டெட்ரா என்றேன். கட்டுவதை நிறுத்திவிட்டாள். "சாயங்காலத்துக்குள்ள தொட்டி காலியாயிடும்." அப்படியா, தெரியாதே என்றேன். அவள் நம்பவில்லை. "வூட்ல வேற இன்னா வெச்சிருக்க?" ஜமீன்தாரைப் பற்றிச் சொன்னேன். பேச்சுவாக்கில் குளியலையும் விரதத்தையும் சொன்னேன். அவ்வளவுதான், இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ப்ளீச்சிங் பவுடரா? அத்தோட ஸ்பாஞ்சையும் வெளுக்கத் தேய்ச்சியா? ஐயா, நீ அழுக்குன்றியே, அதுலதான் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கீது. மீனு வுடற கழிவைத் தின்னு தண்ணியைக் காப்பாத்தறது அதுதான். அத்தைக் கழுவிட்டா மீனு தன் மூத்திரத்துலயே மூச்சு முட்டும். இதுல மருந்து வேறயா? விரதமாம் விரதம். அது சாவக் கிடந்திருக்குது."

நாலு வருஷம் வளர்த்திருக்கிறேன் அம்மா என்றேன்.

"நாலு வருஷமா அது உன்னைத் தாங்கியிருக்குது. பழகின தண்ணி யாராச்சும் ஊத்தினாங்களா?"

நான் காசை எடுத்து எண்ண ஆரம்பித்தேன். "ஊத்தினவரு காலைத் தொட்டுக் கும்பிடு" என்றாள். வியாபாரிகள் வாய் சார். கேட்டால் என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள். பூச்சியாம். பார்சல் ஆபீஸில் நான் பார்க்காத பூச்சியா? எதையும் நிரூபிக்காமல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் ஒன்று, கை அப்போதிருந்துதான் நடுங்குகிறது. கோபம். கோபம்தான்.

ஒரு நிமிஷம். போன். வசுமதி.

"என்ன? ... சத்தமாப் பேசு, பஸ்ல இருக்கேன். ... மேல வந்துட்டானா? வாயைத் தொறந்து தொறந்து மூடறானா? ... எவ்வளவு நேரமா? ... நிறம்? ... விரதமா இருக்கும்டி. ... அழாதே. முதல்ல அழறதை நிறுத்து. ... சாஞ்சுட்டானா? ஒரு பக்கமாவா? ... யாருக்குப் போன் பண்ணே? அந்த ஆளுக்கா? யாரைக் கேட்டுப் பண்ணே? ... என்ன சொன்னான்? ... அவன் தொட்டித் தண்ணியை டப்புல நிரப்பி உடனே அதுல மாத்தணுமா? ஸ்பாஞ்சையும் எடுத்துக்கணுமா? ... சாவி ... சாவி என்கிட்ட இருக்கு. ... என்னது? பூட்டை உடைக்கச் சொன்னானா? ... அவன் வீட்டுப் பூட்டையா? ... உன்னால எப்படி உடைக்க முடியும், அது கதவோட சேர்ந்த பூட்டு. வாட்ச்மேன் எங்கே? ... நான் வரேன். வசு, நான் வரேன். ஜமீன்தார்கிட்டப் பேசிக்கிட்டே இரு. சீரியல் போடு."

சார். கண்டக்டரைக் கூப்பிடுங்கள். பஸ் நகராது போலிருக்கிறது. இறங்கி அந்தப் பக்கம் ஓடினால் ஆட்டோ கிடைக்குமா? இருபது நிமிஷத்தில் போய்விடலாமா? சொல்லுங்கள், போய்விடலாம் என்று சொல்லுங்கள்.

அந்த ஆளுக்கு எவ்வளவு திமிர் பார்த்தீர்களா? வளைகாப்பு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் மீனுக்காகத் தன் வீட்டுப் பூட்டை உடைக்கச் சொல்கிறான். என் மீனுக்கு! யார் கேட்டது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் சார். ஜமீன்தார் மண்டை நெல்லிக்காய் அளவுதான். தேங்காயும் இல்லை, சாத்துக்குடியும் இல்லை. சிலிண்டர் வண்டியெல்லாம் அவனுக்குத் தெரியாது. மச்சினன் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சவில்லை, நான்தான் சொம்பைத் தட்டிவிட்டேன். சின்ன மீன் சார். நான் எழுந்தால் எழுவான். அது ஒன்றுதான். அது மட்டும் நிஜம்.

வழி விடுங்கள். இல்லை, பை உங்களிடமே இருக்கட்டும். இனி எனக்கு இது எதற்கு? தயாளன் தொட்டித் தண்ணீர் இப்போது எனக்குக் கலங்காமல் வேண்டும், அதில் இவன் போய் வேட்டையாடினால் நான் எதை மொள்வது? நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தொட்டியாக வாங்குங்கள், இவன் வளர்வான். பையோடு அரை மணி நேரம் தண்ணீரில் மிதக்க விட்டு அப்புறம் அவிழ்க்க வேண்டும். முதலில் ஏதாவது தின்னக் கொடுங்கள், பாவம், மூன்று நாள். தொட்டியை மட்டும், உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், முழுக்கக் கழுவிவிடாதீர்கள்.

கண்டக்டர், கதவைத் திறங்கள்! மேம்பாலமாவது ஒன்றாவது, திறங்கள்!

அவனை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள் சார். அது நடக்காது. என்ன செய்யப் போகிறேன் தெரியுமா? நேரே போய், அவன் சட்டையைப் போட்டுக்கொண்டே, அவன் சாவியால் அவன் கதவைத் திறந்து, அவன் தொட்டியிலிருந்து ஒரு டப் தண்ணீரையும் அந்தக் கறுத்த ஸ்பாஞ்சையும் திருடிக்கொண்டு வரப் போகிறேன். ஒரு வார்த்தை கேட்காமல். எடுத்துக்கொள்ளச் சொன்னானா? அது வசுமதியிடம் சொன்னது. என் காதில் எதுவும் விழவில்லை. என்னைப் பொறுத்தவரை இது திருட்டுதான். வந்து பார்த்து வயிறெரியட்டும்.

ஆட்டோ! ஏம்பா ஆட்டோ!